கத்தியில் ஒரு பிசிறு

தினேஸ்வரியின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கணவன் தர்மாவின் காதுப்பக்கம் குனிந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கத்தியாலயாண்ணே?"

"இல்ல, டெங்கி."

கேட்டவர்கள் சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது. ஆறே நாள் காய்ச்சல். பதினெட்டு அங்குல இரும்பு அவளுக்குச் செய்யாததைப் புந்தோங் சாக்கடையில் பிறந்த ஒரு கொசு செய்துவிட்டுப் போனது. இருபதாவது ஆள் கேட்டபோதும் தர்மாவுக்குக் கோபம் வரவில்லை. நாற்பத்தாறு வயதுப் பெண், டோபிக் கடையில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், செத்துப்போனால் சர்க்கரையா, ஹார்ட்டா என்றுதான் ஊரில் கேட்பார்கள். கத்தியா என்று கேட்கும்படி வாழ்ந்தவள் ஈப்போவில் அவள் ஒருத்திதான்.

வாளை வாய் வழியாக உள்ளே இறக்கும் அந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வயிற்றுப் புண்ணுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குழாயோடு சண்டை போட்டு, குமட்டி, கையைத் தட்டிவிட்டார்கள். தினேஸ்வரி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தாள். இந்த அக்கா மீ நூடுல்ஸ் சாப்பிடுகிற மாதிரி விழுங்கிவிட்டாரே என்று மலாய்த் தாதி சிரித்தாராம். அதே வாரம் கைப்பேசியில் எங்கோ ஒரு வெள்ளைக்காரர் வாயில் வாளை இறக்குவதைப் பார்த்துவிட்டு, ஃபேக்டரி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்த தர்மாவிடம் வந்து நின்றாள்.

"என்னாங்க, இத நான் ஆஸ்பத்திரில சும்மாவே செஞ்சிட்டேன்."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"கிறுக்கு இல்ல. எனக்குன்னு ஒண்ணு அமைஞ்சிருக்கு. விடுவேனா?"

விடவில்லை. முதல் ஆறு மாதம் வெறும் குமட்டல்தான். விடியுமுன் தர்மா பஸ்ஸை எடுக்கப் போகும் நேரத்தில் அவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். கண் நிறைய நீரும், வாய் ஓரம் எச்சிலுமாக நிற்பவளைப் பார்க்கச் சகிக்காது. தொண்டைக்குக் கோபம் வராமல் பழக்குவது, வீட்டுக்கு வந்த முரட்டு நாயைப் பழக்குவது மாதிரி என்று சொல்வாள். அவசரப்பட்டால் கடித்துவிடும். ஒரு நாள் பழகியதை இரண்டு நாள் விட்டால் மறந்துவிடும். இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் வாள் என்று சொல்லத்தக்க ஒன்று முதல் தடவை முழுதாக உள்ளே போனது. இந்த இரண்டு வருடத்தில் எத்தனை நாள் தொண்டைப் புண்ணோடு கஞ்சியை மட்டும் குடித்தாள் என்பது தர்மாவுக்குத் தெரியும்.

"மூணு கேட்டு இருக்குங்க," என்பாள். முதல் கேட்டு, அதாவது வாசற்கதவு, நாக்குக்குப் பின்னால். எது பட்டாலும் குமட்டும். இரண்டாவது, உணவுக்குழாயின் தலையில் ஒரு வளையம். எந்நேரமும் இறுக மூடியிருக்கும், நாம் சொன்னால் கேட்காது. அதைத் தளர்த்தப் பழகியவளுக்குத்தான் வழி கிடைக்கும். அதைத் தாண்டினால் நெஞ்சு. தலையைப் பின்னால் சாய்த்து, வாயும் தொண்டையும் நெஞ்சும் ஒரே கோடாக நின்றால்தான் வாள் இதயத்தை ஒட்டி நழுவிப் போகும். மூன்றாவது கேட்டு இரைப்பையின் வாசல். விழுங்குவது என்று ஊர் சொல்வதை அவள் ஒப்புக்கொண்டதே இல்லை.

"முழுங்குனா தொண்ட இறுகிக்கும். இது முழுங்குறது இல்ல, வழிவிட்டு நிக்கிறது. நம்ம கை தள்ளவே கூடாது. கத்தியோட எடையே எறங்கிக்கும்."

வாள் மெங்லெம்புவில் ஒரு சீனப் பட்டறையில் அவள் உடம்பின் அளவுக்கென்றே செய்தது. விளிம்பில் கூர் கிடையாது, முனை உருட்டிவிட்டது. கூர் இல்லாவிட்டால் என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது ஈரத்தாள் மாதிரியான சதை. அதைக் கிழிக்கக் கூர் தேவையில்லை. ஒரு தும்மல் போதும், ஒரு தூசு போதும். லேசாகத் தொண்டை கட்டியிருந்ததற்காக, லூமுட்டில் கடற்கரை விழாவுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

தர்மாவின் வேலை சின்னது. வெள்ளைத் துணியால் வாளைத் துடைத்து, உள்ளங்கைச் சூட்டில் குளிர் போக்கி, அவள் கையில் கொடுக்க வேண்டும். இடப்பக்கம் நின்று அவளுடைய வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விரல் உயர்ந்தால் மேளமோ பாட்டோ எதுவானாலும் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. வாளை மூன்றாவது ஆள் தொடக் கூடாது. அந்த விதியை அவன் ஒரே ஒரு முறைதான் மீறினான். அது நடந்தது கோப்பெங் பக்கத்தில், அவள் பிறந்த தோட்டத்தின் கோயில் வாசலில்.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வரிசை வீடுகளோடு ஒரு தாமான் வந்தது. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை. மாரியம்மன் கோயில் மட்டும் கம்பி வேலிக்குள் நிற்கிறது. ஆடி மாதத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் ஈப்போ, பாரிட் புந்தார் என்று எங்கெங்கோ இருந்து கார் கட்டி வந்துவிடுவார்கள். கோயில் தலைவர் சீனி, தினேஸ்வரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவர்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஹோட்டல் டின்னர்ல எல்லாம் செய்யிற. நம்ம ஆத்தா முன்னாடி ஒரு தடவ செஞ்சா என்னா?"

அவள் உடனே சரி என்றுவிட்டாள். தர்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தோட்டத்து ஆட்கள் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவது அவனுக்குத் தெரியும். பாதிப் பேர், அவளுக்குச் சாமி வருகிறது, அலகு குத்துகிறவனுக்கு ரத்தம் வராத மாதிரிதான் இதுவும் என்பார்கள். மீதிப் பேர், அது பிடிக்குள்ளே மடங்கிப் போகிற கத்தி, பேரங்காடியில் விற்கிறான் என்பார்கள்.

"அதுக்குத்தாங்க போகணும்," என்றாள் தினேஸ்வரி. "ஒருத்தன் சாமிங்கறான், ஒருத்தன் ஏமாத்துங்கறான். ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்? எங்கம்மா பால் வெட்டுன எடத்துல, இவ பழகிச் செய்யிறான்னு ஒரு ஆளாவது சொல்லட்டும். அது போதும்."

ஹோட்டல்களில் கைதட்டியவர்கள் யாரும் அவளுக்கு அதைத் தந்திருக்க முடியாது. தர்மாவுக்கு அது விளங்கியது.

திருவிழா அன்று பால்குடமும் அன்னதானமும் முடிந்து நாலரை மணிக்கு அவள் மேடையேறுவதாக ஏற்பாடு. அவள் சமையல் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து நிமிர்த்தித் தயாராகிக்கொண்டிருந்தாள். தர்மா சன்னதி வாசலில் வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சன்னாசி பூசாரி வந்து கையை நீட்டினார்.

"குடுப்பா. ஆத்தா காலடில வச்சுத் தாரேன்."

"இல்லண்ணே, இத யாரும் தொடக் கூடாதுன்னு அவ..."

"யாருமா? நான் யாருப்பா? ஆயுதம் சாமி முன்னாடி போவாம மேடைக்குப் போலாமா? அலகு, அருவா, எல்லாம் எங்கைல வந்துட்டுத்தான் போவுது."

அம்மன் சன்னதியின் வாசலில் இருந்துகொண்டு பூசாரியிடம் முடியாது என்று சொல்ல தர்மாவுக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிட்டான்.

பத்து நிமிடத்தில் உறுமி முழங்க, வாள் திரும்பி வந்தது. மூன்று இடத்தில் விபூதிப் பட்டை, அதன் மேல் சந்தனம், குங்குமம். முனையில் ஒரு எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. சன்னாசி குறை வைக்கவில்லை. திருஷ்டி கழிக்க இன்னொரு எலுமிச்சம்பழத்தை அந்த வாளாலேயே அறுத்திருந்தார். கூரில்லாத வாள் பழத்தை அறுக்குமா? கருங்கல் படியில் வைத்து அழுத்தி, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி அறுத்திருந்தார். பக்தியோடு செய்தார். எந்த ஆயுதத்துக்கும் அவர் நாற்பது வருடமாகச் செய்து வந்தது அதுதான்.

மேடையில் ஏறிய தினேஸ்வரி வாளைப் பார்த்தாள். பிறகு தர்மாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உலர்ந்த சாம்பல் தொண்டையில் பட்டால் இருமல் வரும். நெஞ்சு வரை வாள் இருக்கும்போது இருமினால் என்ன ஆகும் என்பதை அவன் நினைக்கவே பயந்தான். முந்நூறு பேர் பார்க்க, சாமிக்கு முன்னால், விபூதியைத் துணியால் வழித்துப் போடவும் முடியாது.

அவள் பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முன்வரிசையில் இருந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் கொடுத்தாள். மைக்கை வாங்கினாள்.

"பூசாரிண்ணே, கத்திக்குப் பூச போட்டீங்க. அபிஷேகம் பண்ணலியே. ஆத்தாவுக்கு ஊத்துற மாதிரி நாலு கொடம் ஊத்திவிடுங்க."

கூட்டம் குலவையிட்டது. சன்னாசிக்கு முகமெல்லாம் பல். மஞ்சள் தண்ணீரா பாலா என்று கேட்டார். பச்சைத் தண்ணீர் போதும் என்றாள். நான்கு குடம் நீரில் விபூதியும் சந்தனமும் மரியாதையோடு இறங்கிப் போயின. தர்மாவுக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவள் பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் செய்வதுதான். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிடியிலிருந்து முனை வரை பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். முனைக்கு நான்கு விரல் மேலே பஞ்சு நின்றது. கையை எடுத்தபோது ஒரே ஒரு வெள்ளை இழை இரும்பில் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. படிக்கல்லில் அழுந்தியதில் விளிம்பு பிசிறடித்திருந்தது.

"இத இப்ப உள்ள விட முடியாதுண்ணே," என்றாள் மைக்கில்.

கூட்டம் ஒரேயடியாக இரைந்தது.

"ஆத்தா இருக்கா, பயப்புடாதடி!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"மடக்குக் கத்திக்குப் பிசிறு வந்தா என்னாலா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். "பேட்டரி முடிஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்லு!"

சிரிப்பு அலையாக வந்தது. சீனி மேடைக்கு ஓடி வந்தார். அவர் கழுத்து வேர்த்திருந்தது. "தங்கச்சி, இம்புட்டு சனம் ஒக்காந்திருக்கு. கமிட்டி மானம் போவுதும்மா. சும்மா கொஞ்சூண்டு விட்டு எடுத்துக் காட்டிடு."

"மானம் போனா அடுத்த ஆடிக்கு வாங்கிக்கலாண்ணே. கொடலு போனா எந்தக் கடைல வாங்குறது?"

முன்வரிசை சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவள் சிரிக்கவில்லை. மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டாள்.

"சாமி எறக்குறதுன்னா இந்தப் பிசிறு ஒண்ணும் செய்யாது. மடக்குக் கத்தின்னாலும் ஒண்ணும் செய்யாது. இது எந்தொண்டைல போறது. அதான் பாக்குறேன். ஒரு மணி நேரம் ஆவும். அவசரம் உள்ளவங்க கெளம்பலாம், நான் கோச்சுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மேடையின் படியில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். தர்மா வேனுக்கு ஓடினான். டூல் பெட்டியில் இருந்த மெல்லிய உப்புத்தாளைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினான்.

"தப்பு எம்மேலதான், தினேசு."

"அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப கையப் பாத்துத் தேய்ங்க."

கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். போகாதவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்கள். எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் மாரியம்மா. தினேஸ்வரியின் அம்மாவோடு அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டியவள்.

"அடியே, வெரதம் இருந்தியா?"

"இல்ல பெரியம்மா. காலைல கொஞ்சம் கஞ்சி. அப்புறம் வெறும் தண்ணி, தண்ணி, தண்ணி. வெரதம் இருந்தா தொண்ட காஞ்சிரும், கத்தி ஒட்டிக்கும்."

"ஐயய்யோ. நான் மூணு நாளு வெரதமுன்னுல்ல இவகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

பக்கத்திலிருந்தவள் அவளைத் தோளில் இடித்தாள். ஒருவர் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். தினேஸ்வரி தன் மேல்வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். நெஞ்சைத் தாண்டியா என்றார் அவர். தாண்டித்தான் என்றாள். மூச்சு? பிடித்துக்கொள்வேன். பயம்? "பயம் இல்லாட்டி இந்நேரம் உள்ள விட்டுருப்பேனே." பேட்டரிக்காரனும் பின்வரிசையிலிருந்து நகர்ந்து நகர்ந்து இரண்டாம் வரிசைக்கு வந்திருந்தான்.

தர்மா தேய்த்து முடித்துப் பஞ்சை இழுத்தான். வழுக்கிப் போனது. நிம்மதியாக வாளை நீட்டினான். நடுவில் மாரியம்மா கையை வைத்தாள்.

"தம்பி, நீ இந்தப் பக்கம் தேச்சல்ல. பிசிறு அந்தப் பக்கம் மடங்கியிருக்கும். திருப்பிப் பாரு."

திருப்பி இழுத்தார்கள். இழை மாட்டியது.

"முப்பது வருசம் பால்கத்தி தீட்டுன கையி," என்றாள் மாரியம்மா, பொதுவாக எல்லாருக்கும். "பட்டைய மயிரளவு சீவணும். பிசிறு இருந்தா மரம் காயமாயிரும், கங்காணி கிழிச்சுருவான். மரத்துக்கே அம்புட்டுன்னா இவ கொடலுக்கு?"

தினேஸ்வரி தர்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அவன் தலையசைத்தான். அவள் வாளையும் உப்புத்தாளையும் பெரியம்மாவின் கையில் தானே கொடுத்தாள்.

மாரியம்மா எச்சில் தொட்டுக்கொள்ளப் போனவள், நினைவு வந்து தண்ணீர் கேட்டாள். இப்புறம் நாலு இழுப்பு, அப்புறம் நாலு இழுப்பு, ஒவ்வொரு தடவையும் இழுப்பை லேசாக்கிக்கொண்டே போனாள். பிறகு பஞ்சு கை மாறியது. மாரியம்மா இழுத்துப் பார்த்தாள், சீனி இழுத்துப் பார்த்தார், பேட்டரிக்காரன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வாளை வளைக்க முயன்றான். அது வளையவில்லை. "இரும்புதான்லா," என்றான் மெல்ல. இன்னொரு குடம் தண்ணீரைச் சன்னாசி தானே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். அவர் முகம் செத்திருந்தது. நடந்தது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் படிக்கல்லை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

மணி ஆறு. தினேஸ்வரி நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். சன்னாசியை மேடைக்கு அழைத்தாள்.

"அண்ணே, முழுசா எறங்குனதும் இவர் சொல்வாரு. பிடில ரெண்டு வெரல மட்டும் வைங்க. அழுத்தக் கூடாது."

"நானாம்மா?"

"நீங்கதான்."

தர்மா வாளைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தான். உறுமி அடிக்கப் போனவரைப் பார்த்து அவள் கட்டைவிரல் உயர்ந்தது. உறுமி நின்றது. தாமானில் யாரோ கார் கதவைச் சாத்துவது கேட்டது. அவள் கால்களை ஊன்றி, தலையைச் சாய்த்தாள். முகவாயும் கழுத்தும் ஒரே கோடாகின. வாள் நாக்கில் படுத்து இறங்கியது. முதல் கேட்டில் நிற்கவில்லை. இரண்டாவதில் நின்றது. தர்மா மனதுக்குள் எண்ணினான், ஒன்று, இரண்டு, மூன்று. கழுத்து நரம்பு ஒன்று தளர்ந்தது. அவள் விரல்கள் பிடியை விட்டும் விடாமலும் இருக்க, வாள் தன் எடையில் தானே நழுவிப் போனது. கிணற்றில் கயிறு இறங்குவதுபோல அவ்வளவு அமைதியாக. பிடி உதட்டில் வந்து நின்றது. அவள் இரண்டு கைகளையும் விரித்தாள்.

தர்மா கண்காட்டினான். சன்னாசி இரண்டு விரல்களைக் கொண்டுபோய்ப் பிடியின் மேல் வைத்தார். வைத்த மாத்திரத்தில் அவர் கண் விரிந்தது. பிடி துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வாளை ஒட்டி இதயம் அடிக்க, அந்த அடி இரும்பின் வழியாக ஏறி அவர் விரலுக்கு வந்தது. அருளாடிகளின் தலையில் கைவைத்துப் பழகிய மனிதர் அவர். அவர்கள் உடம்பெல்லாம் உதறும். இவள் கல் மாதிரி நின்றாள், துடிப்பு மட்டும் ஒரே தாளத்தில் வந்தது.

அவர் கையை எடுத்ததும் அவள் வாளை ஒரே இழுப்பில் உருவி, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். தர்மா வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை விரித்துக் காட்டினான். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. மாரியம்மா முதலில் தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். குலவை கேட்கவில்லை, வெறும் கைதட்டல்தான்.

சன்னாசி விபூதித் தட்டைக் கையில் வைத்திருந்தார். அவளுக்குப் பூசுவதற்காக எடுத்து வந்தது. பூச மறந்து நின்றார்.

"எத்தன வருசம் பழகுனம்மா?"

வாள் வெளியே வந்த பிறகு சிறிது நேரம் அவளுக்குக் குரல் எழும்பாது. ஐந்து விரலை ஒரு கையிலும் நாலு விரலை மறு கையிலும் உயர்த்திக் காட்டினாள். முன்வரிசையில் யாரோ "ஒம்பது" என்றார்கள். அது பின்வரிசை வரை வாய் வாயாகப் போனது.

ஒன்பது வருடம் நாலு மாதம் என்று தர்மாவுக்குத் தெரியும். வாளை உறையில் இட்டுக்கொண்டு, ஒன்பது விரல்களை இன்னும் கீழே இறக்காமல் நிற்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.